சாவுப் பாட்டுக்கு ஒரு முகம்

செம்மநத்தத்தில் யார் செத்தாலும் முதலில் ராணிக்குத்தான் ஆள் போகும். அண்ணன் தம்பிக்குக்கூட அப்புறம்தான். பாசமெல்லாம் ஒன்றும் கிடையாது. ஊரில் இருக்கிற ஒரே மைக் செட் அவளுடையது, அவ்வளவுதான். இரண்டு குழாய், ஒரு ஆம்ப்ளிபயர், மழையில் நனைந்து நனைந்து தொண்டை கட்டிப்போன ஒரு மைக், ஒரு பழைய போன். போனில் சிக்னல் இருக்காது. பாட்டு மட்டும் இருக்கும்.

ஊர் ஒரு சரிவில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகும் எஸ்டேட்டெல்லாம் எதிர்ச் சரிவில். நடுவில் பள்ளம். பள்ளத்தில் முக்கால்வாசி நாள் பனிமூட்டம் படுத்துக் கிடக்கும். இந்தப் பக்கம் நின்று மைக்கில் தொண்டை கிழியக் கத்தினாலும் அந்தப் பக்கத்துக்கு மாடு கத்துவது மாதிரிதான் கேட்கும். பேச்சு பள்ளத்தில் விழுந்துவிடும். மேளமும் பாட்டும் தாண்டிவிடும். அதனால் ஊரில் ஒரு ஏற்பாடு. ஆண் செத்தால் உறுமியும் பறையும். பெண் செத்தால் ஒப்பாரி. குழந்தை செத்தால் வெறும் புல்லாங்குழல். பாட்டும் இல்லை, மேளமும் இல்லை.

குழல் கேட்டால் எதிர்ச் சரிவில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருப்பவர்கள் கூடையை அப்படியே வைத்துவிட்டு இறங்குவார்கள். கூலிக் கணக்கு எழுதும் எந்த ரைட்டரும் தடுத்ததில்லை. யார் வீட்டுக் குழந்தை என்று வழியில் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். யார் வீட்டில் எது காய்ச்சலில் கிடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கேட்பது பாவம்.

செட்டை வாங்கியது ராணியின் புருஷன் பிரபாகர். எமகாதகன். ஊர்க்கவுண்டரின் ஏப்பத்தை மைக்கில் பிடித்து, பண்டிகையன்று இரண்டு சாமிப் பாட்டுக்கு நடுவில் விட்டவன். ராணி மூன்றாவது வரைக்கும் படித்தவள். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தால் பேர் கேட்டு உட்காரவைப்பாள். கூட்டமாக வந்தால் அவளுக்கு ஆகாது. அவளும் செட்டைப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பதற்காகப் பிரபாகர் போனிலிருந்த பாட்டு ஆப்பைப் பிரித்து மேய்ந்து, அவளுக்கென்று ஒரு முகம் செய்துகொடுத்தான். பின்னால் கன்னங்கரேல் என்று கருப்பு. அதன்மேல் கட்டைவிரல் உட்காருகிற அளவுக்கு ஆறு கட்டம். கட்டத்துக்கு ஒரு படம்.

கல்யாணத்துக்கு, மாலை போட்ட வெட்டுக்கிடா. வயசுக்கு வந்த பெண்ணுக்குச் செய்யும் சீருக்கு, பலாப்பழம். கோயில் பண்டிகைக்கு, வாயைப் பிளந்து தூங்கும் ஊர்க்கவுண்டர். பெண் சாவுக்கு, ராணி மத்தியானத் தூக்கத்தில் இருந்தபோது திருட்டுத்தனமாக எடுத்த அவள் படம். ஆண் சாவுக்கு அவனே கட்டிலில் மல்லாந்து, மூக்கில் பஞ்சை அடைத்து, நாக்கை வெளியே தள்ளி, ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, இதெல்லாம் ஒரு வெளையாட்டுங்களா? இப்புடிப் பண்ணுனா வெளங்காதுங்க" என்று ராணி போனைப் பிடுங்கப் போனாள்.

"அட போ புள்ள. நான் செத்த அன்னிக்கு நீ போட்டோக்காரனத் தேடி ஏற்காட்டுக்கு ஓடுவியா? இப்பவே எடுத்து வெச்சாச்சு. சோலி முடிஞ்சுது."

ஆறாவது கட்டத்தில் படம் ஏதும் இல்லை.

"கொழந்தைக்கு?"

"அதுக்கு ஒண்ணும் வேண்டாம். கருப்பாவே கெடக்கட்டும்" என்றான். அவர்களுக்கும் ஒன்று பிறந்து தங்காமல் போயிருந்தது. அவன் கிண்டல் செய்யாமல் விட்ட ஒரே கட்டம் அது.

ஒரு மிளகுப் பருவத்தில் ஒற்றை மூங்கில் ஏணி போட்டு, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் மரத்தில் ஏறியவன், ஏணி வழுக்கிக் கீழே வந்தான். ஊர் கூடிவிட்டது. செட்டைப் போட வேறு ஆள் இல்லை. ராணியே கம்பியை இழுத்துக் கட்டினாள், ஆம்ப்ளிபயர் பின்னைப் போனில் சொருகினாள், போனைத் திறந்தாள். நாக்கைத் தள்ளி ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவனை அமுக்கினால்தான் உறுமி கிளம்பும். அமுக்கினாள். எதிர்ச் சரிவில் கூடைகள் இறங்கின. இங்கே ராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை முந்தானையில் அடைக்கப் போய் மூச்சு முட்டிச் சாய்ந்துவிட்டாள். துக்கம் தாளவில்லை என்று ஊர் நினைத்துக்கொண்டது. அதுவும் பொய் இல்லை.

பிறகு செட்டை யார் எடுப்பது என்று பேச்சு வந்தது.

"பொம்பள எப்புடி புள்ள கம்பத்துல ஏறுவே?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"ஏணியிலதானுங்க."

"உழுந்துட்டீன்னா?"

"எம்படம் முன்னாடியே எடுத்து வெச்சிருக்குதுங்க."

அதற்கப்புறம் யாரும் அவளிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. ராணி கல்யாணத்துக்குக் கிடாவை அமுக்கினாள், சீருக்குப் பலாப்பழத்தை அமுக்கினாள். ஊரில் எந்த ஆண் செத்தாலும் பிரபாகரின் முகத்தில் ஒருமுறை விரல் வைக்கக் கிடைத்தது. இதை வெளியே சொன்னால் கல்லால் அடிப்பார்கள் என்பதால் அவள் சொன்னதில்லை.

இப்படியே போயிருக்கலாம். ஆம்ப்ளிபயர் கெட்டது. அடிவாரத்தில் ரிப்பேர் பார்க்கிறவர், "பாட்டு ஓடுதான்னு பாக்கறேங்க" என்று போனை வாங்கித் தன் கடை வைஃபையில் போட்டார். வருஷக்கணக்காகப் பட்டினி கிடந்த போன், பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி கண்ட அப்டேட்டையும் அள்ளித் தின்றது. மலைக்குத் திரும்பி ராணி ஆப்பைத் திறந்தாள். உள்ளே வேறு யாரோ குடிவந்திருந்தார்கள்.

கருப்பு போய்விட்டது. புதுசாக வெள்ளையடித்த ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி எல்லாம் வெள்ளை. கட்டங்கள் இருந்த இடத்தில் பொட்டுப் பொட்டாக வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில் எறும்பு ஊர்வது மாதிரி சாம்பல் நிறத்தில் எழுத்து. மேலே யாரென்றே தெரியாத பெண் ஒருத்தி, காதில் எதையோ மாட்டிக்கொண்டு பல்லைக் காட்டினாள். கிடா இல்லை. பலாப்பழம் இல்லை. ஊர்க்கவுண்டரும் எழுந்து போய்விட்டார். பிரபாகர் இருந்த இடத்தில் ஒரு இசைக்குறி. அதற்குக் கண்ணும் வாயும் வைத்துச் சிரிக்கவிட்டிருந்தார்கள். எல்லா வட்டத்திலும் அதே சிரிப்பு. இதை எவனோ ஒருத்தன் சம்பளம் வாங்கிக்கொண்டு, அழகாக இருக்கிறது என்று நம்பிச் செய்திருக்கிறான்.

ராணி போனை அணைத்து, திரும்பப் போட்டு, துடைத்து, தட்டி, சாமி படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் வைத்தும் பார்த்தாள். இசைக்குறி சிரித்துக்கொண்டே இருந்தது.

அடுத்து வந்த சீர் வீட்டில் மானம் போனது. பச்சை ஓலைக் குடிசையில் பெண்ணை உட்காரவைத்து மாமன் தட்டைத் தூக்கிய நேரத்தில் ராணி ஒரு சிரிப்பை அமுக்க, பண்டிகைப் பாட்டு கிளம்பியது. பந்தலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த கண்ணாயிக்குச் சாமி வந்துவிட்டது. தலையை விரித்து, மாமன் தட்டை உதைத்து, பெண்ணைப் பார்த்து, "எனக்குக் கெடா வெட்டாம இங்க என்னடா கூத்து?" என்று அதட்டினாள். சாமியை மலையேற்றுவதற்குள் சோறு ஆறிவிட்டது.

"புள்ளைக்கிச் சீரு பண்ணச் சொன்னா சாமிய எதுக்கு வம்புக்கு இழுக்கறே?" என்றார் ஊர்க்கவுண்டர். ஊரே சிரித்தது. ராணியும் சிரித்தாள். அன்றைக்குச் சிரிப்போடு போயிற்று.

ஏற்காட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் மொபைல் கடையில் ஜெயகுமாரி இருக்கிறாள். வயசு இருபதுக்கு மேலே கொஞ்சம். வாய் நாற்பதைத் தாண்டிவிட்டது. போனை வாங்கிப் பார்த்தாள்.

"பழசு வராதுங்க்கா. போனது போனதுதான். கலரு வேணா கருப்பாக்கித் தரேன். ஒவ்வொண்ணுக்கும் பேரு எழுதித் தரேன். பாத்து அமுக்கிக்குவீங்கல்ல?"

"ம்."

அந்த ஒரு "ம்"முக்குப் பதிலாக, எனக்கு எழுத்து கூடி வராது கண்ணு என்று சொல்லியிருக்கலாம். கடையில் கல்லூரிப் பிள்ளைகள் நின்றார்கள். ராணி சொல்லவில்லை.

ஜெயகுமாரி மளமளவென்று எழுதினாள். கல்யாணம், சீர், பண்டிகை. அப்புறம், "சாவு வீட்டுப் பாட்டு, ஆண்களுக்கு", "சாவு வீட்டுப் பாட்டு, பெண்களுக்கு", "சாவு வீட்டுப் பாட்டு, குழந்தைகளுக்கு". ஒழுங்கான பெண், சுருக்கமாக எழுதத் தெரியவில்லை. ராணியின் போனில் எழுத்துப் பெரிசாக வைத்திருந்தது. வரிக்கு இடம் போதாமல், மூன்றிலும் "சாவு வீட்டு" என்பதுவரை நின்றுவிட்டு மிச்சத்தை மூன்று புள்ளி தின்றுவிட்டது. ராணி அந்தப் புள்ளிகளைக் கவனித்தாள். படித்தவர்களுக்கு அந்தப் புள்ளியே போதும்போல, நமக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள். வரிசையைக் கேட்டு மனசில் போட்டுக்கொண்டாள். சாவு மூன்றில் முதலாவது ஆண், அடுத்தது பெண், கடைசி குழந்தை.

அந்தப் புது ஆப்புக்கு இன்னொரு புத்தியும் இருந்தது. சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போனால் வரிசையைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி அடுக்கிக்கொள்ளும். இது ஜெயகுமாரிக்கே தெரியாது. ராணி அரிசி வாங்க ஏற்காட்டுக்குப் போய்வந்த மறுநாள் காலையில் செல்லப்பன் செத்தார்.

நல்ல சாவு. பல் போய், காது போய், போதும் என்று படுத்த கிழவர். ராணி குழாயைப் பள்ளத்தைப் பார்த்துத் திருப்பிக் கட்டினாள். பின்னைச் சொருகினால் போன் ஊமை, அதற்கப்புறம் குழாய்தான் வாய். சாவு மூன்றில் முதலாவதை அமுக்கினாள்.

புல்லாங்குழல் கிளம்பியது.

ராணி பின்னைப் பிடுங்கிவிட்டாள். ஒரு மூச்சு அளவுகூட ஊதியிருக்காது. ஆனால் அந்தக் குழலுக்கு ஒரு மூச்சே போதும். எதிர்ச் சரிவில் ஆட்கள் நிமிர்வது, பனிக்கு நடுவில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. மைக்கை எடுத்து, "கொழந்த இல்லீங்க! செல்லப்ப தாத்தாவுங்க! கொழந்த இல்லீங்க!" என்று கத்தினாள். அந்தப் பக்கத்துக்கு மாடு கத்தியது. தட்டுத் தடுமாறி அடுத்ததை அமுக்க உறுமி வந்தது. அது இன்னும் மோசம். எதிர்ச் சரிவில் இருந்தவர்கள், ஒரு குழந்தை, ஒரு ஆண், இரண்டு சாவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது ஊரில் காய்ச்சலில் கிடந்த குழந்தை ஒன்றுதான். மேனகாவின் மகன் சித்து. ஒன்றாம் வகுப்பு. சேலத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தான், அப்பன் மாதேஷ் கூட இருந்தான். மாற்றுத்துணி எடுக்க முந்தின நாள் மேலே வந்த மேனகா, இரண்டு நாள் வேலை பார்த்துக் கூலியோடு போகலாம் என்று காலையில் எதிர்ச் சரிவு எஸ்டேட்டுக்குப் போயிருந்தாள். ரைட்டரோடு பேசிக்கொண்டிருக்கும்போது குழல் கேட்டது.

அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. குறுக்குத் தடத்தில் விழுந்து புரண்டு, செருப்பு ஒன்று மட்டும் காலில் இருக்க, மலைப் பாதைக்கு வந்து ஒரு பால் வண்டியை மறித்தாள். அடிவாரம் வரைக்கும் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டே வந்தாள் என்று வண்டிக்காரர் பிற்பாடு சொன்னார். ஆஸ்பத்திரி வார்டில் நுழைந்தபோது சித்து கட்டிலில் சம்மணம் போட்டு பன்னைப் பாலில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான்.

"ஏம்மா அழுவறே? நான் ஊசிக்கு அழுவவே இல்லியே" என்றான்.

சேதி மேலே வந்து சேர்வதற்குள் ஊரில் ராணியை நடுவில் நிறுத்திவிட்டார்கள். ஊர்க்கவுண்டர் இந்தமுறை சிரிக்கவில்லை.

"கண்ணாயிக்குச் சாமி வந்தது வேற. இது வேற. இனிமே ஊர்ச் சாவுக்கு நீ கை வெக்க வேண்டாம். டவுன்ல இருந்து செட்டுக் கூப்புட்டுக்கறோம்."

"தெரியாம அமுக்கிட்டனுங்க."

"தெரியாத வேலைக்கி எதுக்கு வந்தே?"

ராணி கூட்டத்தை விட்டு விலகினாள். வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஜெயகுமாரியின் கடைக்குப் போனாள். கல்லூரிப் பிள்ளைகள் அன்றைக்கும் நின்றார்கள்.

"எனக்கு எழுத்து கூடி வராது கண்ணு. படமா வெச்சுக் குடு."

ஜெயகுமாரி போனைத் திறந்து பார்த்தாள். மூன்று புள்ளியைப் பார்த்தாள். வரிசை மாறிக் கிடப்பதையும் பார்த்தாள். அவள் வாய் முதல்முறையாக மூடிக்கொண்டது.

"இத என்னாலயே படிக்க முடியாதுங்க்கா" என்றாள் கடைசியில். "நாந்தாங்க்கா தப்பு. சாவுப் பாட்டுக்கு ஆரு கட்டுரை எழுதச் சொன்னது?"

இருவரும் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். நெட்டு பட்டாலும் நகராதபடி ஆறையும் அந்தந்த இடத்தில் ஆணியடிக்க வழி இருந்தது. ஜெயகுமாரி தேடிப் பிடித்தாள். படம் வைக்கவும் வழி இருந்தது, ஏழு கதவு தாண்டி உள்ளே ஒளித்து வைத்திருந்தார்கள். பழைய படங்களைத் தேடினாள். ஆப்புக்குள்ளேயே எடுத்த படங்கள் பழைய ஆப்போடு போய்விட்டன.

"அண்ணன் படம் வேற இல்லீங்களா?"

"கல்யாணத்துல எடுத்தது இருக்குது. அதுல நொம்ப ஒழுங்கா நிக்கறாரு. அவராட்டமே இல்ல."

ஆணுக்கு அவனுடைய செருப்பைப் படம் எடுத்து வைப்பது என்று முடிவானது. வீட்டு வாசலில் இன்னும் கிடக்கிறதாம், ராணியே போய் எடுத்து வைத்துக்கொள்வாள். கல்யாணத்துக்கும் சீருக்கும் பண்டிகைக்கும் ஜெயகுமாரி நெட்டில் இருந்து தாலி, பலாப்பழம், வேல் என்று இறக்கினாள். அடுத்தது பெண் சாவுக்கான வட்டம்.

"உங்களையே எடுத்துரட்டுங்களா? கண்ண மூடுங்க."

ராணி ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

"சிரிக்காதீங்க்கா. செத்தவங்க சிரிக்கமாட்டாங்க."

"எங்கூட்டுக்காரர் சிரிச்சாரு கண்ணு."

சார்ஜர் வாங்க வந்த ஒருவர் இதைக் கேட்டுவிட்டு வாங்காமலே போனார்.

"கொழந்தைக்கு?"

"அதுக்கு ஒண்ணும் வேண்டாம் கண்ணு. கருப்பா உட்டுரு."

ஆப்பு சம்மதிக்கவில்லை. படம் வைக்காவிட்டால் அதுவே சிரிக்கும் இசைக்குறியை வைத்தது. எடுத்தால் திரும்ப வைத்தது. ஜெயகுமாரி ஆப்பின் அம்மாவையெல்லாம் இழுத்துத் திட்டினாள். இசைக்குறி அசையவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு ராணி கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள். இனி அதைத் தொடும் வேலை தனக்கு எங்கே வரப்போகிறது என்ற நினைப்பு.

அந்த வாரம் முடிவதற்குள் சித்துவுக்குக் காய்ச்சல் விட்டது. விட்டதும் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். விட்டபிறகுதான் மோசமானது. டாக்டர்கள் ஓடினார்கள், ரத்தம் ஏற்றினார்கள். ஒரு காலையில் அவன் போய்விட்டான்.

வெள்ளைத் துணியில் சுற்றி ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கினபோது மத்தியானம். ஊரில் கிழவர்களும் நாய்களும்தான் இருந்தார்கள். மற்ற எல்லாரும் எதிர்ச் சரிவில். ஊர்க்கவுண்டர் டவுன் செட்டுக்காரருக்குச் சொல்லி அனுப்பினார். கல்யாணத்துக்குப் போய்விட்டதாகவும், சின்னப் பிள்ளை சாவுக்கு எதற்கு செட்டு என்றும் பதில் வந்தது. வெளியே சொல்லாத பேச்சு ஒன்றும் வாசலுக்கு வாசல் ஓடியது: ராணி முன்கூட்டியே ஊதிவிட்டாள், அதனால்தான் எமன் வழி கண்டுபிடித்தான்.

ராணி கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவைத் தட்டியது மேனகா. அவள் பின்னால் யாரும் இல்லை.

"ராணியக்கா, வந்து ஊது."

"நானு எப்புடி மேனகா..."

"அன்னிக்குப் பொய்யா ஊதத் தெரிஞ்சுதில்ல? இன்னிக்கு நெசமா ஊது. எம்பையனுக்கு ஆளு வேணும்."

ராணி குழாயைக் கட்டினாள். ஏணியில் ஒருமுறை கால் தவறியது. பின்னைச் சொருகி, ஆறாவது வட்டத்தில் சிரித்துக்கொண்டிருந்த இசைக்குறியை அமுக்கினாள். குழல் பள்ளத்தைத் தாண்டிப் போனது. பனிகூட அன்றைக்கு இல்லை.

எதிர்ச் சரிவில் ஆட்கள் நிமிர்ந்தார்கள். இந்தப் பக்கம் பார்த்தார்கள். பிறகு குனிந்து பழம் பறித்தார்கள்.

குழல் ஓடி முடிந்து மறுபடி ஓடியது. ஒரு கூடைகூடக் கீழே இறங்கவில்லை. அங்கே யாரோ சிரித்ததாகக்கூட ராணிக்குத் தோன்றியது. "ராணி மறுக்காவும் தப்பா அமுக்கிட்டாடோய்!" அப்படித்தான் அங்கே சொன்னார்களாம், பிற்பாடு அவர்களே தலையில் அடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்கள். மேனகா பாடையே தேவைப்படாத அந்தச் சின்ன மூட்டையின் பக்கத்தில் உட்கார்ந்து சரிவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராணி போனை அப்படியே ஓடவிட்டுவிட்டு ஓடினாள். பள்ளத்தில் இறங்கி, முள்ளில் கிழிபட்டு, மூச்சு வாங்க எதிர்ச் சரிவில் ஏறினாள். வரிசை வரிசையாக ஓடினாள்.

"நெசமுங்க. நெசமாலுமேங்க. சித்துங்க."

முதலில் நின்ற பழனியம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். கூடையை வைத்தாள். அடுத்த வரிசை. அடுத்த எஸ்டேட்.

"நெசமாங்க. வாங்க. நெசமாலுமே."

சிலர் அவளைப் பிடித்துத் தள்ளினார்கள். ஒருத்தி கன்னத்தில் அறைந்தாள், அறைந்துவிட்டு அவளே அழுதுகொண்டு இறங்கினாள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் குழல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, கேட்பாரில்லாமல். எல்லாரும் போய்ச் சேர்ந்தபோது குழியில் மண் பாதி விழுந்திருந்தது. அதற்குமேல் வைத்திருக்க முடியாது என்று மாதேஷே அள்ளிப் போட ஆரம்பித்திருந்தான். மிச்சப் பாதிக்கு மட்டும்தான் ஊர் வந்தது.

அதன்பிறகு ராணி செட்டைத் துணியால் மூடிவிட்டாள். யாரும் கேட்கவும் இல்லை. எஸ்டேட்டில் களை வெட்டப் போனாள். தண்ணீர்க் குழாயடியில் அவள் வந்தால் பேச்சு கொஞ்சம் தணியும், போனால் ஏறும்.

மழை பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மேனகா ராணி வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. மாதேஷின் போனை நீட்டினாள்.

"ஆம்பளைக்கு உம்புருசன் படம் வெச்சிருந்தீல்ல?"

"இருந்துச்சு."

"கொழந்தைக்கு எம்பையன் படத்த வெய்யி."

ராணி போனைக் கையில் வாங்கவில்லை. "வேண்டாம் மேனகா. நாளைக்கி வேற ஆரு புள்ளைக்கோ அமுக்க வேண்டி வரும். அவன் மூஞ்சில நானு எப்புடி..."

"அதுக்குத்தான் வெக்கச் சொல்றேன். எம்பையன் மூஞ்சின்னா நீ பாக்காம அமுக்கமாட்டே."

சொல்லிவிட்டு மேனகா படத்தைத் திறந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டில். சித்து, கையில் பாதி தின்ற பன், உதட்டுக்கு மேலே பால் மீசை. பக்கத்திலிருந்து ஒரு கை வந்து அவன் கன்னத்தைப் பிடித்திருந்தது. மேனகாவின் கை. குறுக்குத் தடத்தில் விழுந்த சிராய்ப்பு அதில் தெரிந்தது.

"நீ பொய்யா ஊதுன அன்னிக்கு எடுத்தது" என்றாள் மேனகா. "நீ ஊதலீன்னா நானு ரெண்டு நாளு இங்க இருந்துட்டுப் பொறவுதாங்க்கா போயிருப்பேன்." கொஞ்சம் நின்று, "அதுக்குன்னு உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதே" என்றாள்.

"நெனைக்கல சாமி."

மேனகா பத்தாவது வரை படித்தவள். அவளே போனிலிருந்து போனுக்குப் படத்தை அனுப்பினாள். ஜெயகுமாரி காட்டிக்கொடுத்த ஏழு கதவையும் ராணி ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே போனாள். சிரிக்கும் இசைக்குறி போய்ச் சித்து வந்தான். ஆப்பு ஒரு வட்டத்தைக் காட்டி, இதற்குள் அடக்கு என்றது. இருவரும் தலையோடு தலை முட்ட போனின்மேல் குனிந்தார்கள். பையன் முகமும் பன்னும் வந்தால் மேனகாவின் கை வெளியே போனது. கை வந்தால் பையனின் நெற்றி போனது. ராணி சுருக்கினாள், நகர்த்தினாள், திரும்பச் சுருக்கினாள். சுருக்கினால் முகம் கடுகு மாதிரி ஆகிவிடுகிறது.

"உங்கை வெட்டுப்படுது மேனகா."

"வெட்டிரு."

"இன்னுங் கொஞ்சம் பாக்கறனே."

"வெட்டிருக்கா. அவன் இருந்தாப் போதும்."

ராணியின் விரல் நகரவில்லை. மேனகா அவள் விரலைத் தன் கையால் பிடித்து, படத்தை நகர்த்தி, சரி என்ற இடத்தில் அழுத்தினாள்.

கருப்புக்கு நடுவில் சித்து பால் மீசையோடு உட்கார்ந்துகொண்டான். கை போய்விட்டது. இரண்டு விரல் நுனி மட்டும் அவன் கன்னத்தில் மிச்சம் இருந்தது.